வயிறு நிறைத்துக் கூட்டி வந்தேன்

இன்று மதியம் கீழ் வீட்டில் உருளைக்கிழங்கு வறுத்தார்கள். மசாலா எதுவும் இல்லாமல் மஞ்சள், உப்பு, இரண்டு பல் பூண்டு மட்டும் போட்டு வறுக்கிற வாசனை. துணி வாளியோடு மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். உன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது வந்த வாசனை அதுதான். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுதக்கூட இத்தனை நாள் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ரோஷினியைப் பெற்றவள் நீ. உன் நோய் தீரும்வரை அவளை வீட்டில் வைத்து வளர்க்க அரசாங்கம் தேர்ந்தெடுத்த ஆள் நான். தத்து வேறு, இது வேறு. இது திருப்பிக் கொடுப்பதற்காகவே வாங்கிக்கொள்ளும் பிள்ளை. பெங்களூரில், எங்கள் அல்சூர் தெருவில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "வாடகைக்குக் கொழந்த எடுத்திருக்கீங்களா?" என்று எதிர்வீட்டம்மா கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போலீஸ் வந்து விசாரித்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ரத்தப் பரிசோதனை, தனித்தனியாகக் கேள்விகள். ஏன் பிள்ளை இல்லை என்பதை முன்பின் தெரியாத நாலு பேருக்கு முன்னால் சொன்னேன். அவள் வந்த பிறகும் முடி வெட்ட அனுமதி, ஓசூரில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி. போட்டோவை யாருக்கும் அனுப்பக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை, முதல் வாரம் முழுக்க வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதையும் தாங்கிக்கொண்டேன். நான்காவது வாரம், மதியத் தூக்கத்தில் புரண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அங்கேதான் நான் கெட்டுப்போனேன்.

உனக்கு வந்தது மாத்திரைக்கு லேசில் அடங்காத டி.பி. புருஷன் விட்டுப் போய்விட்டான், பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சொன்ன டாக்டர், சில மாதம் கழித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வாரம் ஒரு மணிநேரம் பார்க்கலாம் என்றார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் திறந்த முற்றத்தில், சனிக்கிழமை பதினோரு மணிக்கு. முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அந்த அலுவலகத்துப் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், நாளைக்குக் கொழந்தைக்கு ஃபுல்லா ஊட்டிட்டு வராதீங்க. ஸ்வல்ப பசியோட கூட்டிட்டு வாங்க. பெத்தவ கையால சாப்புடட்டும். விசிட்டே அதுக்குத்தான்."

சரி என்றுதான் சொன்னேன். காலையில் எழுந்ததும் மனசு கேட்கவில்லை. வாடின முகத்தோடு கொண்டுபோய் நிறுத்தினால், பட்டினி போட்டு வளர்க்கிறாள் என்று நீ நினைத்துவிட்டால்? நெய் தொட்டு மூன்று இட்லி ஊட்டினேன். புது கவுன், ரெட்டைக் குடுமி, முகத்துக்குப் பவுடர். நான்தான் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி பதறிக்கொண்டிருந்தேன்.

நீ எங்களுக்கு முன்பே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஜாக்கெட் தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாய். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. ரோஷினி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீ அவசரப்படவில்லை. பாக்ஸைத் திறந்து, பருப்புச் சோற்றில் இரண்டு துண்டு உருளைக்கிழங்கை வைத்துப் பிசைந்து நீட்டினாய்.

"கண்ணு, உனுக்குப் புடிச்சதுதான். அம்மா செஞ்சுக்கினு வந்திருக்கேன், பாரு."

அந்த வாசனைக்கு அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, "போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நீ நீட்டிய கையை மடக்க உனக்குச் சற்று நேரம் பிடித்தது. "நல்லாதான் பாத்துக்கினு இருக்கீங்கக்கா," என்றாய்.

அன்றைக்கு ஊட்டியது பெருமைக்கு. அடுத்த சனிக்கிழமை நான்கு இட்லி ஊட்டினேன், அது வேறு கணக்கு. உன்னை நோக்கி அவள் எடுத்துவைத்த அந்த ஒரு அடி வாரம் முழுக்க என்னைக் குடைந்தது. பசியோடு போனால் நேரே உன் மடியில் போய் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். பொறாமை, வேறொன்றும் இல்லை. வீடு, புருஷன், ஆரோக்கியம் எல்லாம் இருந்த நான், எலும்பும் தோலுமாக இருந்த உன்மேல் பொறாமைப்பட்டேன். மூன்றாவது சனிக்கிழமையும் ஊட்டித்தான் கூட்டி வந்தேன். அன்றைக்குப் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாய்.

"காலைல சாப்ட்டுக்கினு வந்துட்டாளாக்கா?"

"இல்லம்மா. பால் மட்டுந்தான் குடிச்சா. என்னமோ, அவளுக்கு வேணாமாம்."

நாக்கு கூசாமல் சொன்னேன். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய்.

நான்காவது சனிக்கிழமை நீ வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அலுவலகத்துப் பெண் உன் அறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வர இஷ்டம் இல்லன்றாங்க மேடம்," என்றாள். அப்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. இதை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே நீ போய்விட்டாய். உன் அறையில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தனவாம். பக்கத்து அறைக்காரி எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் நீ ஒரே பதிலைத்தான் சொன்னாயாம்: "எம் பொண்ணுக்கு எங் கையே மறந்துபோச்சு. இனிமே நான் உடம்பத் தேத்திக்கினு யாருக்கு?" அலுவலகத்துப் பெண் வந்து இதைச் சொன்னதும் நான் உடைந்து அழுதேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்து, "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு மேடம்," என்றாள். நான் மறுக்கவில்லை.

ரோஷினிக்கு இப்போது நாலரை வயது. எல்.கே.ஜி. போகிறாள். திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை, தத்தெடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். தெருவே சந்தோஷப்படுகிறது. நான் ஆசைப்பட்டது கிடைக்கப்போகிறது. என்ன கொடுத்து வாங்கினேன் என்பது இதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும்.

பெற்றவளைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் உன்னைப் பற்றி அவளிடம் பேசுவேன். போன வாரம் அப்படித்தான், உனக்கு உடம்பு சரியில்லாமல் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மருந்து சாப்புடலியா அவங்க?" என்று கேட்டாள்.

"சாப்ட்டாங்க கண்ணு," என்றேன்.

உனக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய். அவள் வளர்ந்து நிற்கும்போது இரண்டையும் நானே என் வாயால் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகும் என்னை அம்மா என்று கூப்பிடுவாளா, தெரியாது. கூப்பிடாமல் போனால், அதை யாரிடமும் போய் முறையிட எனக்கு வாய் கிடையாது.