சுங்கக் கப்பலில் உன் தம்பி

அன்புள்ளவளுக்கு,

சாப்பிட்டேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் தம்பியைப் பற்றி வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ரோந்துக் கப்பலுக்கு இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்ததுபோல இரட்டை அடிப்பாகம் என்பதால் அலையில் சாயாமல் பறக்கும். இன்று காலை சிகரெட் கடத்திய படகு ஒன்றை விரட்டிப் பிடித்தோம். சுக்கான் என் கையில் இருந்தது. அதிலிருந்து எங்கள் கப்பலில் ஏற்றியவர்களில் உன் தம்பியும் ஒருவன். நனைந்த சட்டையோடு என்னையே பார்த்தான்.

"தெரிஞ்ச ஆளா?" என்றார் கேப்டன்.

"இல்ல சார்" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

பிறகு அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். "தேங்க்ஸ் சார்" என்றான். அத்தான், அத்தான் என்று வாய் ஓயாதவன். நேரே கேப்டனிடம் போனேன்.

"அவன் என் பொண்டாட்டியோட தம்பி சார். பொய் சொல்லிட்டேன்."

கேப்டன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இவரு யாருன்னே தெரியாது சார். பாவம் பாத்து சொல்றாரு போல."

கேப்டன் அவனைத்தான் நம்பினார். "போய் வேலையப் பாருய்யா" என்றார். நானும் போய்விட்டேன். அவனைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான்.

நீ அவனைப் பார்க்கப் போவாய். என்னையும் கூட வரச் சொல்வாயா?

உன் கணவன்