இஸ்கந்தரின் பதில்

மெஹ்ர் மாதம் 4
இஸ்கந்தர் இன்றும் தாமதம். தார் வாத்தியத்தைத் தோளிலிருந்து இறக்காமலே, "கோவிச்சுக்காதீங்க அண்ணே, கியூமர்ஸ் லேசுல விட மாட்டேங்கிறான்" என்றான். இஸ்ஃபஹானில் தார் வாசிக்க வேறு ஆளே இல்லையா அந்தப் பாட்டுக்காரப் பொடியனுக்கு? நான் ஒரு வரி பாடி நிறுத்தினால், அதே வரியைத் தன் தந்திகளில் எனக்குப் பதிலாகத் திருப்பிச் சொல்கிறவன் இவன். இருபது வருடப் பழக்கம். நான் எங்கே மூச்சு விடுவேன் என்று என் மனைவி தூபாவுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் இன்னொருவனுக்குக் கொடுப்பதா?

மெஹ்ர் 9
வானொலியில் கியூமர்ஸ். நல்ல குரல்தான். எழுதும்போதே வயிறு எரிகிறது.

மெஹ்ர் 10
"உங்க தார்க்காரனைத்தானே கூப்பிட்டான், பெண்டாட்டியையா கூப்பிட்டான்?" என்று தூபா சிரிக்கிறாள். அதற்குக்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவளிடம் சொல்லவில்லை.

மெஹ்ர் 17
நாளை கச்சேரி. கியூமர்ஸுக்கு எந்தச் சுருதி வைக்கிறாய் என்று இஸ்கந்தரைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். என்னுடையதைவிட ஒரு கட்டை மேலே.
"எனக்கும் அதையே வை."
"உச்சத்துல தொண்டை தாங்காது அண்ணே. அவன் சின்னப் பையன்."
"எனக்கென்ன, பல்லு கொட்டிடுச்சா?"
தந்திகளை முறுக்கி ஏற்றினான்.

மெஹ்ர் 18
அவமானம். இல்லை — அவமானம் ஆகியிருக்க வேண்டும்.
உச்சத்தில் குரலை உடைத்து உருட்டும் என் சுழிப்பு, ஊரே காத்திருந்து கேட்கும் அந்தச் சுழிப்பு, பாதியில் நின்றது. தொண்டை அடைத்துவிட்டது. முதல் வரிசையில் கியூமர்ஸ் உட்கார்ந்திருக்கிறான். செத்தேன் என்று நினைத்தேன். அதற்குள் இஸ்கந்தர் பதிலைத் தொடங்கிவிட்டான். நான் பாடி முடிக்கவே இல்லை! தந்தியாலேயே என் குரலைக் கையைப் பிடித்துக் கீழ்ச் சுரத்துக்கு இறக்கிவிட்டான். அங்கிருந்து பாடினேன். சபை "பஹ் பஹ்" என்று பாராட்டியது.
வெளியே வரும்போது நாலு பேர் அவனைத் திட்டினார்கள். "பாட்டு முடியறதுக்குள்ள என்னய்யா அவசரம்?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் வாயைத் திறந்தேனா? சீ.

ஆபான் 2
இஸ்கந்தர் வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை.

ஆபான் 21
வானொலியில் கியூமர்ஸ் பாட்டு, இஸ்கந்தர் தார். அணைக்கக் கை போனது. "இருக்கட்டுமே" என்றாள் தூபா. பொடியன் உச்சத்துக்குப் போய், பிசிறில்லாமல் நின்றான். பாவி.
பிறகு தார் பதில் சொன்னது. அவன் பாடியதைச் சொன்னது, அதோடு நிற்கவில்லை. என் சுழிப்பு! அன்று அடைத்த இடத்திலிருந்து, முழுசாக, நான் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு.
"என்னங்க, இது நீங்க பாடுற மாதிரியே இருக்கே?" என்றாள் தூபா. அந்தக் கச்சேரியில் என்ன நடந்தது என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.
இஸ்கந்தருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தாரோடு வரட்டும், சுருதியை அவனே வைக்கட்டும்.
அந்தப் பொடியன் இல்லாமல், தனியாக வரச் சொல்லியிருக்கிறேன்.