விஸ்கிக்குப் பொருந்திய நாதஸ்வரம்

அன்புத் தங்கச்சி வெங்கடேஸ்வரிக்கு, ஸ்காட்லாந்திலிருந்து அண்ணன் பாண்டிச்செல்வம். நான் நலம். மம்சாபுரத்தில் எல்லோரும் சுகமா? சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை.

நான் மேசை துடைக்கும் பாரில், நாற்பது துரைமார் சிங்கிள் மால்ட் விஸ்கியை, வகைக்கு ஒரு பாட்டுக் கேட்டபடி ருசி பார்த்தார்கள். புகைவாசம் வீசும் ஒன்றுக்கு மட்டும் எந்தப் பாட்டும் பொருந்தவில்லை. உன் கல்யாண நாதஸ்வரத்தைப் போனில் போட்டேன். அவர்கள் அழுத அழுகையில் விஸ்கி உப்புக் கரித்தது. முதலாளி என் காலில் விழுந்து, "ஏலே, நீ போயிட்டா கடை மூழ்கிரும்லே" என்று நம்மூர்த் தமிழிலேயே கெஞ்சினார். என் பாஸ்போர்ட்டைப் பொக்கிஷம்போல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதனால் உன் மகள் காதுகுத்துக்கு, மாமன் மடிக்குச் சித்தப்பா மகன் விக்னேஸ்வரனை உட்கார வை. மேளச் சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்பு, அடுத்த விஸ்கிக்கு வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். அம்புட்டும் புளுகுதான் தங்கச்சி. பாஸ்போர்ட் முதலாளி பீரோவில் இருப்பது மட்டும் நிஜம்.