செம்பூர்ப் பொலிகாளை

6 பிப்ரவரி 1945, மாதுங்கா

செம்பூரில் முகைதீனின் பண்ணைக்குப் போயிருந்தேன். பட்டாளத்துக்கு இறைச்சி மாடு வளர்ப்பவர். ஒரு வருஷமாகப் பசு எதுவும் சினை பிடிக்கவில்லையாம். பொலிகாளையைச் சோதித்தேன். கண், பல், குளம்பு எதிலும் பழுதில்லை. விதைப்பையில் கட்டியில்லை, வீக்கமில்லை. பசுவின் மேல் ஏறுவதிலும் சுணக்கம் கிடையாது. விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் தெரிந்தது. உயிரணு ஒன்றுகூட இல்லை.

முகைதீன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மலடுன்னு பசுவையெல்லாம் கசாப்புக்கு அனுப்பிட்டேனே டாக்டரய்யா. குத்தம் இவன்கிட்டல்லா இருந்திருக்கு."

வீட்டுக்கு வந்தால், பாலக்காட்டிலிருந்து அம்மா. பையில் ஒரு பெண்ணின் ஜாதகம். எனக்கு இரண்டாம் கல்யாணம், விஜயத்துக்குக் குழந்தை இல்லையே என்று.

9 பிப்ரவரி

என் மனைவி விஜயத்தை வைத்துக்கொண்டே அம்மா பேச்சை எடுத்தாள். அவளும் இங்கேயே இருக்கட்டும், யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் வம்சம் வேண்டாமா என்றாள். விஜயம் சம்மதம் என்றாள். கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

எத்தனை விரதம், எத்தனை கஷாயம் — குடித்துக் குடித்து வாந்தி எடுத்திருக்கிறாள். பரேலில் லேடி டாக்டர் வேறு. எல்லாம் அவளுக்கு. என்னை யாரும் சோதித்ததில்லை.

10 பிப்ரவரி

ஆபீஸ் மைக்ராஸ்கோப்பில் என்னுடையதைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கண்ணாடி குளிர்ந்திருந்ததோ? குளிர்ந்தால் அசைவு நிற்கும். அணுக்கள் எங்கே போகும்?

14 பிப்ரவரி

மறுபடியும். இல்லை.

15 பிப்ரவரி

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த வெங்கடராமன் தாதரில் மனுஷாளுக்கு டிஸ்பென்சரி வைத்திருக்கிறான். அவனும் பார்த்தான். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று கேட்டான். வந்தது, காலேஜில் சேர்ந்த வருஷம். தாடையோடு நிற்காமல் கீழேயும் வீங்கிற்று. இனி மருந்து கிடையாது என்றான்.

18 பிப்ரவரி

பங்குனியில் முகூர்த்தமாம். பெண்ணின் பெயர் விசாலாக்ஷி. அவளையும் மலடி என்பார்கள். சொல்லணும். எப்படிச் சொல்றது? சாயங்காலம் மாஹிம் பாலத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

20 பிப்ரவரி

சொல்லிவிட்டேன்.

அம்மா நம்பவில்லை. மாட்டுக்குப் பார்ப்பதை மனுஷாளுக்குப் பார்ப்பார்களா என்றாள். வெங்கடராமன் சொன்னதைச் சொன்னேன். ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "வெளியில சொல்லிடாதேடா. மலடிங்கற பேரு அவளுக்கே இருந்துட்டுப் போகட்டும். பழகித்தானே போயிருக்கு" என்றாள்.

விஜயம் சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்களும் சொல்லாமத்தான் இருக்கப் போறேளா?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். விஜயம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

23 பிப்ரவரி

அம்மாவை ரயிலேற்றினேன். கல்யாணப் பேச்சு நின்றது. விஜயம் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இப்படியே எத்தனை வருஷம்?

2 மார்ச்

மாடியில் ஷ்யாமளாவுக்கு நாளை மறுநாள் வளைகாப்பு. அவள் மாமியார் அழைக்க வந்தாள். என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, விஜயம் வந்தால் அவளுக்கே மனசு கஷ்டமாக இருக்குமே என்று இழுத்தாள். வளையல் அடுக்க அவள் கை கூடாதாம். அதைத்தான் அப்படிச் சொன்னாள்.

ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். "குறை எனக்கு, மாமி. டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார். அவளுக்கு ஒண்ணுமில்லை." சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஏறியவர்கள் நின்றுவிட்டார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

4 மார்ச்

விஜயம் மாடிக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டு கையிலும் பச்சை வளையல்.

சாதம் போட்டாள். உள்ளே போகாமல் எதிரில் உட்கார்ந்தாள். மோர் வேணுமா என்று கேட்டாள்.