விளையாட்டுக்குச் சொன்னது

என் வீட்டு எஜமானிக்கு,

மூச்சு மிஷினின் குழாய் தொண்டைக்குள் இருப்பதால் பேச முடியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நீ பேச, நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். அனுபவி. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று என் கைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள்; நர்ஸம்மா வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டுப் பேனா கொடுத்திருக்கிறார். எழுத்து கோணல்தான், நல்லா இருந்தப்பவும் அப்படித்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரையும் சிரிக்க வைக்க, "மிஷின்லல்லாம் என்னைப் போட்டு வைக்காதீங்க, பேசாம அனுப்பி வெச்சிடுங்க" என்றேன் அல்லவா? இன்று காலை, நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்து டாக்டர் உன்னிடம் கேட்டார்:

"நாளைக்குக் குழாயை எடுக்கிறோம். மூச்சு வரலைன்னா மறுபடியும் போடலாமாம்மா?"

நீ அழுதுகொண்டே, "அவரு வேணாம்னுதான் சொன்னாரு" என்றாய். எல்லாம் என் காதில் விழுந்தது.

அடியே, நான் சொன்ன எதையாவது நீ இதுவரை கேட்டிருக்கிறாயா? இதையா கேட்க வேண்டும்?

அது வெறும் வாய்ச்சவடால். போடச் சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் போடச் சொல். தொண்டையில் ஓட்டை போட்டாலும் பரவாயில்லை. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதைப் படித்ததும் என்னிடம் வராதே, நேரே டாக்டரிடம் ஓடு. அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன் வாய்க்கொழுப்பு வீட்டுக்காரன்