மூவாயிரத்து அஞ்சாம் நம்பர் வண்டி

இன்றைக்குக் காலையில் கார் ஷெட்டைத் திறந்தார்கள். பழைய கிரீஸும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை அடுக்களைவரை வந்தது. நீங்கள் உள்ளே பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்த மனுஷனை இந்தப் பாழாய்ப்போன மூக்கு இன்னும் விடமாட்டேன் என்கிறது.

ஷெட்டைத் திறந்தது யார் தெரியுமா? உங்கள் மச்சினன், என் தம்பிதான். கோயம்புத்தூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தான். பழைய கார்களாகத் தேடி வாங்குகிறவராம். அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் போய் உட்கார்ந்து, நம்பர் பிளேட்டில் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். பெயிண்டர் கையால் எழுதின எழுத்து. தலை தட்டையான அந்த மூன்று அப்படியே இருக்கிறது.

“அம்மா, முதல்ல பதிவான நம்பர், முதல்ல மாட்டின பிளேட். இப்படி மாறாம இருக்கிற வண்டி கிடைக்கிறதே இல்ல,” என்றார் அவர்.

அதற்கு என் தம்பி சொல்லுகிறான்: “எங்க அத்தான் காலத்துல இருந்தே இந்த நம்பரை மாத்த விடலயே. குடும்பமே சேந்து கட்டிக் காத்தோம்லா.”

வந்தவர் எதிரில் அவனை ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கட்டிக் காத்தானாம். அந்த அம்பாசிடரை நீங்கள் வாடகைக்கு ஓட்டவென்று இரண்டாம் கையாக வாங்கி வந்தது எழுபதுகளின் நடுவில். கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயை உடைக்கக் கையை ஓங்கியிருந்தீர்கள். அப்போது பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினவன் இவன்தான். “அத்தான், மூணும் அஞ்சும் எட்டுலா. எட்டு சனிக்கு உள்ளதாச்சே. எந்த மடையன் பாத்து வாங்குனான் இதை?” அன்றைக்குச் சாயங்காலமே தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை செய்தி பரவிவிட்டது. மூவாயிரத்து அஞ்சாம் நம்பர் வண்டி ராசியில்லாத வண்டி. முடிந்தது.

கல்யாணத்துக்கு வண்டி பேச வருகிறவர்கள் முதலில் நம்பரைத்தான் பார்ப்பார்கள். உதட்டுக்குள் கூட்டுவார்கள். “வண்டி என்னமோ நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, வீட்டுல பெரியவங்க ஒத்துக்கிட மாட்டாங்க,” என்று தலையைச் சொறிவார்கள். நீங்கள், “அதுக்கென்ன, அடுத்த வண்டியைப் பாருங்க,” என்று சிரித்துக்கொண்டே ஆள் காட்டி அனுப்புவீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குருவிகுளத்துப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் மட்டும் ஆள் ஓடி வரும். மேலநீலிதநல்லூரில் பாம்பு கடித்தால் ஓடி வரும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால் உங்களைத்தான் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்போது எவனும் கூட்டிப் பார்த்ததில்லை. சாவுக்கும் நோவுக்கும் ஆகிற நம்பர், தாலிக்கு ஆகாமல் போய்விட்டது. இந்த ஊருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருந்திருக்க வேண்டும்.

அந்த சமயத்தில்தான் என் தம்பி ஒரு புரோக்கரைக் கூட்டி வந்தான். வண்டியைச் செங்கோட்டை தாண்டிக் கொண்டுபோய்க் கேரளத்தில் பதிவு செய்து, கொஞ்ச நாள் அங்கேயே ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இங்கே பதிந்தால் புது நம்பர் கிடைக்குமாம். கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி தானே பார்த்துக்கொள்வேன் என்று அந்த ஆள் சத்தியம் செய்யாத குறை. நீங்கள் பிளேட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். “ஓடுத வண்டிக்கு என்ன கொறை? பொறந்தப்பவே வச்ச நம்பரு வே இது. இதைப் பிடுங்கிட்டா அப்புறம் இது எந்த வண்டி?” என்றீர்கள். புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். மூன்று மாதம் என் தம்பி நம் வீட்டில் கை நனைக்கவில்லை.

நம் மகள் செல்வி கல்யாணத்தை மட்டும் என்னால் மறக்க முடியாது. புளியங்குடி மாப்பிள்ளை. பெண்ணழைப்புக்கு நம் வண்டிதான் என்று அவள் சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஓட்டுவார், நான் பின்னால் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பேன் என்று தோழிகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அதற்கென்றே சீட்டுத் துணியைக்கூட மாற்றினீர்கள். முதல் நாள் சம்பந்தி வீட்டுப் பெரியப்பா வந்தார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பொண்ணு இதுல வரக் கூடாது. நாங்க வேற வண்டி அனுப்புதோம்,” என்றார்.

என் தம்பி நடுவில் புகுந்து சமாதானம் சொன்னான். “நம்பர் மேல வெள்ளைப் பேப்பரை ஒட்டி, ஒரு மாலையைத் தொங்க விட்டுருவோம் அத்தான். யாருக்குத் தெரியப் போகுது?”

பெரியப்பா அதற்குச் சம்மதித்துவிட்டார். நீங்கள்தான் சம்மதிக்கவில்லை. “மறைச்சு வச்ச வண்டில எம் பிள்ளைய ஏத்த மாட்டேன். அவ அவங்க வண்டிலயே போகட்டும்,” என்றீர்கள். உள்ளே செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் வந்ததைவிட உங்கள்மேல் வந்த கோபம்தான் அதிகம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு துண்டுப் பேப்பர். பெற்ற பிள்ளைக்காக அதைக்கூட ஒட்டிக்கொள்ளக் கூடாதா? அவள் அவர்கள் காரின் பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நீங்கள் அண்டாவையும் குத்துவிளக்கையும் மூவாயிரத்து அஞ்சில் ஏற்றிக்கொண்டு, அதன் பின்னாலேயே புளியங்குடி வரைக்கும் ஓட்டினீர்கள். நான் பக்கத்து சீட்டில் உங்கள் முகத்தைப் பார்க்காமலே வந்தேன். நீங்கள் அழுதீர்களா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அடுத்த வருஷம் அதே பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மத்தியானம், நீங்கள் சாப்பாட்டில் கை வைத்த நேரம், எதிர்க் கடைக்குப் போன் வந்தது. நான், “அவங்ககிட்டதான் நல்ல நம்பர் வண்டி இருக்குல்லா, அதுல ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க,” என்றேன். நீங்கள், “சும்மா கெட,” என்று சொல்லிக் கை கழுவிவிட்டுக் கிளம்பினீர்கள். மனுஷர் பிழைத்துக்கொண்டார். அவர் வீட்டில் அடுத்த கல்யாணம் வந்தபோது மறுபடியும் வேறு வண்டிதான் பேசினார். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தம்பி உள்ளே வந்து நின்றான். “யக்கா, அவருக்கு இந்த நம்பரோடத்தான் வேணுமாம். நல்ல ஆளு. என்ன சொல்லட்டும்?”

“இல்லைன்னு சொல்லு.”

“ஓட்ட ஆளில்ல. துருப்பிடிச்சுக் கெடக்கு. இதை வச்சு என்ன செய்யப்போற?”

“ஏலே, ஆஸ்பத்திரியில என் மூச்சு நின்னா இதுலதான் என்னைக் கொண்டாரணும். நம்பர் எல்லாருக்கும் தெரியணும். நீதான் முன்சீட்டுல உக்காரணும். சாவுக்கு ஆகும்னு நீங்க எல்லாரும் சொன்ன வண்டிதானலே.”

அவன் முகம் செத்துப்போய்விட்டது. அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். நீங்கள் இருந்திருந்தால் பின்னாலேயே போய்த் தோளில் கை போட்டு, “ஏலே மாப்ள, காப்பி குடிச்சிட்டுப் போ,” என்று இழுத்து வந்திருப்பீர்கள். இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு அது வரவில்லை. அடுப்பில் பால் காய்ந்துதான் இருந்தது. நான் கூப்பிடவில்லை.