நாரைகள் ஜெயித்தால் முகூர்த்தம் என்னாவது

ஆகஸ்ட் 22, வெள்ளி

என் வீட்டு சோபாவில் எனக்கே இடமில்லை. என் மகன் அகிலன், அவன் கட்டிக்கொள்ளப் போகும் ஓர்லா, அவளுடைய ஐரிஷ் சிநேகிதர்கள் நான்கு பேர். எட்டு மணிக்கு நான் பார்க்கும் தொடர் போயே போச்சு. டிவியில் பெண்கள் ஒரு முட்டை வடிவப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ரக்பியா என்று கேட்டுத் தொலைத்தேன். ஆறு பேரும் சேர்ந்து இல்லை என்றார்கள்.

இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். ஓர்லாவின் அக்கா மேவ் மெல்போர்னில் ஹெரன்ஸ் என்ற அணிக்கு ஆடுகிறாள். அயர்லாந்தில் ஊருக்காகச் சம்பளமில்லாமல் கேலிக் ஃபுட்பால் ஆடும் பெண்களை ஆஸ்திரேலியர்கள் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுபோகிறார்களாம். ஹெரன் என்றால் நாரை. அவர்களுக்கு நான் நாரைகள் என்று பேர் வைத்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையில் அடித்தால் ஆறு, ஓரத்தில் அடித்தால் ஒன்று. குறி தப்பினாலும் ஒன்று தருகிற விளையாட்டு. எனக்குப் பிடித்திருக்கிறது.

நாரைகள் போன வருடம் வென்றது இரண்டே ஆட்டம். அந்தத் தைரியத்தில்தான் கல்யாணத்தை நவம்பர் 29, சனிக்கிழமை காலை ஏழரை–ஒன்பதுக்கு வைத்தோம். தாங்க்ஸ்கிவிங் லீவு, டெக்சாஸ் சொந்தமெல்லாம் சான்டா கிளாராவுக்கு வரமுடியும். அந்த லீக்கின் ஃபைனலும் மெல்போர்னில் அதே சனிக்கிழமைதான். "ஹெரன்ஸாவது ஃபைனல்ஸ் போறதாவது. நோ சான்ஸ்மா" என்று அகிலன் மார்ச்சிலேயே சொல்லிவிட்டான். மேவ் நவம்பர் 20 வருகிறாள்.

இன்று நாரைகள் வென்றன. ஒன்றுதானே, போகட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. காலண்டரில் நவம்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. தோற்ற அன்று நான் மட்டும் பாயசம் வைத்தேன். யாரும் காரணம் கேட்கவில்லை, குடித்துவிட்டுப் போனார்கள்.

ஓர்லாவின் அப்பா டோனல் ஆட்டம் முடிந்ததும் வீடியோ காலில் வந்தார். அயர்லாந்தில் மேயோ என்ற கவுண்டி, மாடு வைத்திருக்கிறார். அங்கே விடியற்காலம், பால் கறக்க எழுந்தவர் தொழுவத்திலேயே போனைச் சாத்தி வைத்து ஆட்டம் பார்த்திருக்கிறார். மகள் அணி ஜெயித்த முகமாகவே இல்லை. கேட்டால் மேயோவுக்குச் சாபம் என்கிறார். எழுபது வருடத்துக்கு முன்னால் கோப்பையோடு வந்த மேயோ அணி, வழியில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு வண்டியை நிறுத்தாமல் போனதாம். அதிலிருந்து இறுதி ஆட்டம் வரை வருவதும் தோற்பதுமாகவே இருக்கிறார்களாம். சாபம் மேவோடு மெல்போர்ன் வரை போயிருக்கும் என்பது அவர் எண்ணம். சாபம் என்றால் பரிகாரமும் இருக்குமே என்றேன். மனிதர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

ஒன்றை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். சாயங்காலம் சன்னிவேல் கோயிலுக்குப் போயிருந்தேன். நாரைகள் தோற்று மேவ் ஒழுங்காகக் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தால் பதினோரு தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். தப்பா? கல்யாண வீட்டுக்காரி வேறென்ன வேண்டிக்கொள்வாள்?

அக்டோபர் 10, வெள்ளி

மெல்போர்னில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள், இந்த வாரத்திலிருந்து ஆட்டம் ஏழு மணிக்கே. என் வீட்டுக்காரர் கோபாலசாமி கணக்குப் போட்டுச் சொன்னார். அமாவாசை, கிருத்திகை எதுவானாலும் இந்தியத் தேதியை இந்த ஊர்த் தேதியாக மாற்றித் தருவது இவர் இலாகா. சான்டா கிளாராவில் பாதித் தமிழர்கள் இவரைத்தான் கேட்பார்கள்.

இன்றைய ஆட்டத்தை நான் நின்றுகொண்டே பார்த்தேன். மழை கொட்டுகிறது. மூன்று பேருக்கு நடுவில் மேவ் எகிறிப் பந்தைப் பிடித்தாள், பிடித்தபடியே மல்லாந்து விழுந்தாள். ஓர்லா கண்ணை மூடிக்கொண்டாள். மேவ் எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாலடி பின்னால் போய் ஓடிவந்து உதைத்தாள். நடுக் கம்பங்களுக்கு இடையில். ஆறு.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "ஏனுங்க, பாத்தீங்களா, எம் பொண்ணு எப்படி எந்திருச்சா பாருங்க" என்று இவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். எம் பொண்ணு — அப்படித்தான் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, பதினோரு தேங்காய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 11, சனி

காலையில் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனேன். பிள்ளையாரே, முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நாரைகள் ஜெயித்தால் இருபத்திரண்டு. கல்யாணத்தை என்ன செய்வது என்று நீயே பார்த்துக்கொள். இப்படி ஒருத்தியை அவரும் பார்த்திருக்க மாட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

நாரைகள் ஐந்தாவது இடம். முதல் நாக் அவுட் இன்று. போன ஞாயிறு அமெரிக்காவிலும் கடிகாரத்தை மாற்றினார்களே, அதற்கு இவர் கணக்குப் போட்டு ஆட்டம் எட்டு மணிக்கு என்றார். பீட்சாவோடு எல்லோரும் ஏழே முக்காலுக்கு உட்கார்ந்து டிவியைப் போட்டால் கடைசி இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் ஆறு மணிக்கே தொடங்கியிருக்கிறது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தாரோ, கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டினாரோ, அவருக்கே தெரியவில்லை. ஐரிஷ்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இருந்தும் வெற்றி. பதினாறு புள்ளி.

நவம்பர் 9, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓர்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு துண்டையே நாலு தடவை மடித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மேவ் போன் செய்தாளாம். ஃபைனல் வந்தாலும் ஆடப்போவதில்லை, கோச்சிடம் சொல்லிவிட்டு 20ஆம் தேதி கிளம்பி வருகிறேன் என்றாளாம்.

ஓர்லாவுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துவிட்டார். மேவுக்கு அப்போது பதினைந்து. தலை பின்னி, சோறு கட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவள் பயிற்சிக்கு ஓடுவாளாம். தாரை வார்க்கும்போது பெண்ணின் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவார் என்று நான் சொன்ன அன்றே, அது மேவ்தான் என்று ஓர்லா முடிவு செய்திருக்கிறாள். அவள் இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்கிறாள். ஆனால் தன்னால் அவள் ஃபைனலை விட்டாள் என்றும் இருக்கக்கூடாதாம். வாழ்நாளில் ஒரு தடவை வருவது ஆன்ட்டி, என்றாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் துணி மேலேயே உட்கார்ந்து அழுதோம். முகூர்த்தத்தை நாம குறிச்சோம், நாமதானே மாத்தணும்? கடவுளா வந்து குறிச்சார்?

நவம்பர் 10, திங்கள்

எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் இவர் தங்கை தாமரைச்செல்விக்குப் போன் போட்டேன், டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். "மாத்தறதா? அண்ணி, நாள் குறிச்சாக் குறிச்சதுதான். சொந்தத்துல என்ன பேசுவாங்க? அம்மா இல்லாத பொண்ணுக்கு வேற ஒரு தம்பதிய உக்கார வெச்சுத் தாரை வார்ப்பாங்க, அது போதும். கல்யாணமாகாத அக்காவெல்லாம் எங்கயும் வார்க்கறதில்ல" என்றாள். போனை வைத்தேன். ஜோசியர் வேறு ஏதாவது நாள் சொல்லியிருப்பாரோ என்று இந்த டைரியிலேயே மார்ச் மாதத்தைப் புரட்டினேன்.

மார்ச் 16. என் கையெழுத்து: "கோபி ஜோசியர் சொன்னது — கார்த்திகை 14, ஞாயிறு, 7.30–9. உங்கூர் உதயத்துக்கே கணித்தது."

ஞாயிறு.

நாங்கள் வைத்திருப்பது சனி. இந்தியாவில் ஞாயிறு என்றால் இங்கே சனி என்று இவர் அன்றைக்கே ஒரு நாள் கழித்திருக்கிறார். உடனே ஜோசியரைக் கூப்பிட்டேன், எங்கள் சொந்த ஊர் கோபியில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அம்மிணி, அமெரிக்கான்னீங்க, அந்த ஊருக்குப் போட்டுத்தானே குடுத்தேன். ஞாயித்துக்கிழமன்னா உங்க ஞாயித்துக்கிழமதான். அதுல போயி இன்னொருக்கா எதுக்கு ஒரு நாளைக் கழிச்சீங்க?"

இவர் காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். "அமாவாசைக்கு அப்படித்தானே கண்மணி பண்றோம்?" என்றார், மெல்ல. எட்டு மாதமாகத் தப்பான நாளில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு அணி தோற்க வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் வேறு வேண்டியிருக்கிறேன். சிரிப்பதா, திட்டுவதா? இரண்டையும் செய்தேன்.

ஃபைனல் எங்கள் கணக்கில் வெள்ளி மாலை ஆறு. மேவ் சனிக்கிழமை ராத்திரி மெல்போர்னில் விமானம் ஏறினால் இங்கே சனி மதியம் வந்து இறங்கலாம். அகிலன் மூன்று இடத்தில் பார்த்து உறுதி செய்தான். அப்பாவிடம் கேட்கவில்லை.

தாமரைச்செல்விக்குத் திரும்பப் போன் செய்தேன். "அப்ப முகூர்த்தத்த மாத்தல, சரி பண்றோம்" என்று அவளே சொன்னாள். தாரை விஷயம் மட்டும் நான் எடுக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் மண்டபம் கிடைக்கவில்லை, வேறு கல்யாணம். ஓர்லாவின் சிநேகிதர்கள் வளைகுடாவில் உள்ள டிரெஷர் ஐலண்ட் தீவில் தங்கள் ஐரிஷ் மைதானத்தைத் தருகிறோம் என்கிறார்கள். மைதானத்தில் கல்யாணமா? அங்கே உயரமான கோல் கம்பங்கள் இருக்கின்றன, வாழை கட்ட வசதி என்கிறான் அகிலன். நேரில் போய்ப் பார்த்தேன். வசதிதான்.

நவம்பர் 14, வெள்ளி

வெற்றி. ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டோம்.

நவம்பர் 21, வெள்ளி

அரை இறுதி. நான்கு புள்ளியில் வெற்றி. தொண்டை போய்விட்டது, நாளைக்குப் பத்திரிகை கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம் சைகையில்தான் அழைக்க வேண்டும். நாரைகள் ஃபைனலில்.

நவம்பர் 28, வெள்ளி

வீட்டில் முப்பது பேர். டெக்சாஸிலிருந்து வந்த தாமரைச்செல்வி கடைசி வரிசையில் பூக் கட்டிக்கொண்டே, எனக்கு இதெல்லாம் புரியாது என்றாள். இரண்டாவது கால் பகுதியில் பூவை ஓரம் வைத்துவிட்டு முன்னால் வந்துவிட்டாள்.

டோனல் போன வாரமே வந்துவிட்டார். ஆனால் டிவி முன்னால் உட்காரமாட்டேன் என்கிறார், தான் பார்த்தால் தோற்றுவிடுமாம். பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் நின்றுகொண்டார். கோல் விழும்போதெல்லாம் நான் கதவைத் திறந்து சொல்லிவிட்டு வந்தேன். பாதி ஆட்டம் எனக்குக் கதவிலேயே போயிற்று.

கடைசி ஒரு நிமிடம், புள்ளிகள் சமம். பந்து மேவ் கையில். நாற்பது மீட்டர் இருக்கும், பக்கவாட்டுக் கோணம்.  ஓடிவந்து உதைத்தாள்.

குறி தப்பியது. பந்து ஓரக் கம்பத்தை ஒட்டி உள்ளே போய் விழுந்தது.

ஐயோ என்று தலையில் கை வைத்தேன். ஓர்லா என்னைப் பிடித்து உலுக்கினாள். ஒன்று — ஓரத்தில் அடித்தாலும் ஒன்று. நாரைகள் ஒரு புள்ளி மேலே. மிச்சமிருந்த நாற்பது நொடியும் எதிரணி மேலே வந்துகொண்டே இருந்தது. தாமரைச்செல்வி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஆட்டம் முடிந்த சைரன் அடித்தது.

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். டோனல் திரும்பாமலே, எத்தனையில் தோற்றோம் என்று கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 29, சனி

சனிக்கிழமை ராத்திரி கிளம்பிய மேவ் அதே சனிக்கிழமை மதியம் வந்து இறங்கினாள். அது எப்படி என்று இவர் விளக்க ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து போய்விட்டோம்.

நவம்பர் 30, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோல் கம்பத்தில் வாழை, அதன் கீழே மணை, எதிரே கடல். குளிரில் ஐயருக்குப் பல் தந்தியடித்தது.

தாரை வார்க்கும் நேரம் வந்ததும் எனக்குப் பக்கென்றது. நான் வாயைத் திறக்கும் முன்பே தாமரைச்செல்வி எழுந்தாள். செம்பில் தண்ணீர் நிரப்பி நேராக மேவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நீயே ஊத்து கண்ணு" என்றாள், தமிழில்தான். மேவின் இரண்டு விரல்களில் கட்டு. பந்தைப் பிடிப்பது போலவே செம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அப்பா கையில் அவள் தண்ணீரை ஊற்ற, அது ஓர்லா கை வழியாக அகிலன் கைக்கு வழிந்தது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. எதிரில் உட்கார்ந்து நான் அழுதேன், தாமரைச்செல்வியும் அழுதாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

சன்னிவேல் கோயில். இருபத்திரண்டு தேங்காய். வேண்டிக்கொண்டது நான், உடைத்தது டோனல், கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒரே அடியில் போயிற்று. உடைத்து முடித்துப் பிள்ளையார் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, ஜூலை கடைசியில் அயர்லாந்து ஃபைனல், மேயோ விஷயத்தையும் பிள்ளையார் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டார்.

நான் சொல்லி வைக்கிறேன், தேதியை மட்டும் என் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள் என்றேன்.